சவுக்குத் தோப்பில் ஒரு கணக்கு

சென்னையிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலை வழியாக மாமல்லபுரம் செல்பவர்கள் வழியெங்கும் சவுக்குத் தோப்புகளைக் காணலாம். புலிக்குகை அருகிலும், தெற்கே கல்பாக்கம் செல்லும் வழியிலும் மணற்பாங்கான நிலத்தில் அவை வரிசை வரிசையாக நிற்கின்றன. இவற்றுள் வனத்துறை வளர்ப்பவை சில. சிறு விவசாயிகள் தம் சொந்த நிலத்தில் வளர்ப்பவை பல. நெல்லுக்குத் தண்ணீர் போதாத நிலத்தில் நட்டு, மூன்று முதல் ஐந்து ஆண்டுகள் காத்திருந்து வெட்டி விற்கிறார்கள். மகளின் திருமணமோ மகனின் கல்லூரிப் படிப்போ இந்த ஒரு வெட்டை நம்பியிருப்பது உண்டு.

எத்தனை மரம் நடுவது? நட்டவற்றுள் எவற்றை இடையிலேயே எடுத்துவிடுவது? எப்போது எடுப்பது? எப்படி அளந்து விற்பது? இக்கேள்விகளுக்கு விடை காண, நீங்கள் பள்ளியில் படிக்கும் கணிதமும் இயற்பியலும் பெரிதும் போதும். அதையே இக்கட்டுரையில் காண்போம்.

பைன் அல்ல, பைன் போன்றது

வெளிநாட்டார் சவுக்கை ‘ஆஸ்திரேலியப் பைன்’ என்று அழைப்பதுண்டு. ஊசி போன்ற இலைகளும் சிறு கூம்பு போன்ற காய்களும் அப்படி எண்ண வைக்கின்றன. ஆனால் பைன் பூவாத் தாவர வகையைச் சேர்ந்தது. சவுக்கோ பூக்கும் தாவரம். ‘ஊசி’ என்று நாம் நினைப்பது இலையன்று, பசுமையான மெல்லிய சிறு கிளை. ஓர் ‘ஊசி’யை எடுத்து மெல்ல இழுத்துப் பாருங்கள். கணுக்கணுவாகக் கழன்று வரும். ஒவ்வொரு கணுவிலும் மிக நுண்ணிய பற்கள் வளையமாக நிற்கும். அவையே உண்மையான இலைகள். இலைகள் இவ்வளவு சிறுத்திருப்பதால் நீர் ஆவியாதல் குறைகிறது. உப்புக் காற்றையும் வறட்சியையும் மரம் தாங்குகிறது.

சவுக்கின் வேர் முடிச்சுகளில் ஃபிராங்கியா என்னும் நுண்ணுயிர் வாழ்கிறது. அவரைக் குடும்பச் செடிகளின் வேரில் ரைசோபியம் செய்யும் வேலையை இது சவுக்குக்குச் செய்கிறது. காற்றிலுள்ள நைட்ரஜனை மரம் ஏற்கும் வடிவில் மாற்றிக் கொடுக்கிறது. வெறும் மணலிலும் சவுக்கு விரைந்து வளர்வதன் இரகசியம் இதுவே.

ஆஸ்திரேலியா, தென்கிழக்கு ஆசியா, பசிபிக் தீவுகள் ஆகியவை இதன் தாயகம். இந்தியப் பெருநிலப்பரப்புக்கு இது 19ஆம் நூற்றாண்டில் வந்து பரவியது. தென்னிந்தியாவின் முதல் இரயில் 1856ஆம் ஆண்டில் இராயபுரத்திலிருந்து புறப்பட்டது. அக்காலத்து என்ஜின்கள் விறகைப் பெரிதும் நம்பியிருந்தன. விரைவில் வளர்ந்து நன்றாக எரியும் மரம் ஒன்று தேவைப்பட்டது. சென்னை மாகாணக் கடற்கரையில் சவுக்கு பெருகியதற்கு அத்தேவையும் ஒரு காரணம். இன்று அது சாரம் கட்டும் கழியாகவும், பந்தல் காலாகவும், கான்கிரீட் தளத்துக்கு முட்டாகவும், அடுப்பு விறகாகவும் விற்பனையாகிறது. கரூர் மாவட்டத்துப் புகளூரிலுள்ள தமிழ்நாடு செய்தித்தாள் காகித நிறுவனம் போன்ற ஆலைகள் காகிதக் கூழுக்காகவும் இதை வாங்குகின்றன.

நெருக்கமும் நிழலும்

ஒரு மீட்டருக்கு ஒரு மீட்டர் இடைவெளியில் நட்டால் ஓர் ஏக்கரில் ஏறத்தாழ 4,000 மரங்கள் நிற்கும். ஒன்றரை மீட்டர் இடைவெளி விட்டால் சுமார் 1,800 மரங்கள். தொடக்கத்தில் நெருங்கி நடுவதில் நன்மை உண்டு. பக்கக் கிளைகள் நிழலில் மெலிந்து காய்கின்றன. மரம் நேராக உயர்கிறது. வளைவற்ற நீண்ட கழி கிடைக்கிறது.

நெருக்கத்தில் மரம் ஏன் உயரமாக வளர்கிறது? இதில் ஓர் ஒளியியல் நுட்பம் இருக்கிறது. பச்சையம் 660 நானோமீட்டர் அலைநீளமுள்ள சிவப்பு ஒளியை விழுங்கிக்கொள்கிறது. 730 நானோமீட்டர் அளவிலுள்ள தொலைச்சிவப்பு ஒளியைப் பெரும்பாலும் ஊடுருவ விடுகிறது அல்லது சிதறச் செய்கிறது. எனவே பிற செடிகளின் அருகில் வரும் ஒளியில் தொலைச்சிவப்பின் பங்கு கூடுகிறது. வெயிலை விரும்பும் தாவரங்களிலுள்ள ஃபைட்டோகுரோம் என்னும் நிறமி இவ்விரண்டின் விகிதத்தை உணர்கிறது. ‘அண்டை வீட்டார் நெருங்குகிறார்கள்’ என்ற செய்தி கிடைத்ததும் செடி பருமனைக் குறைத்து, உயரத்தில் தன் உணவைச் செலவிடுகிறது.

ஆனால் ஓர் ஏக்கரில் விழும் வெயில் ஒரே அளவுதான். மரங்கள் வளர வளர அது போதாமற் போகிறது. பிந்திய மரங்கள் முந்தியவற்றின் நிழலில் சிக்கி, மெலிந்து, இறுதியில் பட்டுப்போகின்றன. இதற்கு ஓர் அளவு விதியே உண்டு. 1963ஆம் ஆண்டில் ஜப்பானிய அறிஞர் யோடாவும் அவருடன் பணியாற்றியவர்களும் அதை வெளியிட்டனர். நெருங்கி வளரும் ஒரே இனச் செடிக்கூட்டத்தில், எஞ்சிய செடிகளின் எண்ணிக்கை நான்கில் ஒரு பங்காகக் குறையும் காலத்தில், ஒரு செடியின் சராசரி எடை எட்டு மடங்காகிறது என்பது அவ்விதியின் சாரம். எல்லா இனங்களுக்கும் இந்த எண் துல்லியமாகப் பொருந்தாது. எனினும் பொதுப்போக்கு இதுவே.

இதிலிருந்து தெரிவது என்ன? ஆயிரம் மரம் நட்டவருக்கு ஆயிரமும் பருத்துக் கிடைக்கப்போவதில்லை. நாம் எடுக்காவிட்டால் இயற்கை எடுத்துவிடும். இயற்கை எடுத்தது தோப்புக்குள் மக்கிப் போகும். நாம் முந்திக்கொண்டு எடுத்தால் விறகாகவோ சிறு கம்பாகவோ விலையாகும். பருத்தியிலும் சோளத்திலும் உழவர்கள் ‘செடி கலைத்தல்’ என்கிறார்களே, அதே வேலைதான் இது. தோப்பைக் கலைத்து விடுதல் என்று சொல்லலாம்.

அமெரிக்காவின் தென்கிழக்கு மாநிலங்களில் தனியார் நிலத்தில் பைன் வளர்ப்போர் இதை ஒழுங்காகச் செய்கிறார்கள். சுமார் 15 ஆண்டுகளில் முதல் முறை கலைத்து, மெலிந்த மரங்களைக் காகிதக் கூழுக்கு விற்கிறார்கள். எஞ்சியவற்றைப் பருக்கவிட்டுப் பலகை அறுக்கும் ஆலைக்கு அதிக விலைக்கு அனுப்புகிறார்கள். நம் சவுக்கோ சில ஆண்டுகளிலேயே விலைக்கு வருவது. ஆகவே காலம் சுருங்குகிறது. தத்துவம் மாறவில்லை.

சுற்றளவின் இருமடி

ஒரு மரத்தில் எவ்வளவு கட்டை இருக்கிறது? தரையிலிருந்து 1.37 மீட்டர் உயரத்தில், அதாவது நம் மார்பளவில், தையற்காரர் நாடாவால் சுற்றளவை அளக்க வேண்டும். வட்டத்தின் பரப்பு, சுற்றளவின் இருமடியை 4 பையால் (சுமார் 12.57) வகுத்தால் கிடைக்கும். அதை உயரத்தால் பெருக்கினால் உருளையின் கன அளவு வரும். மரம் மேலே செல்லச் செல்லச் சிறுக்கிறது. அது உருளைக்கும் கூம்புக்கும் இடைப்பட்டது. கூம்பின் கன அளவு உருளையின் மூன்றில் ஒரு பங்கு. தோராயமாகப் பாதி என்று கொள்வோம்.

சுற்றளவு 24 செ.மீ., உயரம் 9 மீட்டர் உள்ள ஒரு மரத்தை எடுத்துக்கொள்வோம். 0.24 × 0.24 ÷ 12.57 = 0.00458 சதுர மீட்டர். இதை 9ஆல் பெருக்கிப் பாதியாக்கினால் 0.0206 கன மீட்டர். பச்சைச் சவுக்கின் அடர்த்தி தண்ணீரின் அடர்த்தியை ஒட்டியது என்று கொண்டால், மரத்தின் எடை சுமார் 20 கிலோகிராம்.

இங்கே கவனிக்க வேண்டியது ‘இருமடி’ என்ற சொல்லை. சுற்றளவு 16 செ.மீ. உள்ள 100 மரங்களையும், 24 செ.மீ. உள்ள 50 மரங்களையும் ஒப்பிடுங்கள். உயரம் ஒன்றே எனக் கொள்வோம். முதற்குழுவுக்கு 100 × 256 = 25,600. இரண்டாம் குழுவுக்கு 50 × 576 = 28,800. எண்ணிக்கையில் பாதியாக இருந்தும், பருத்த மரங்களில் கட்டை அதிகம்.

அப்படியானால் எல்லாரும் கலைத்து விடுவதே நல்லது என்று முடிவு செய்யலாமா? அவசரப்படக் கூடாது. 50 மரங்களும் 24 செ.மீ. அளவுக்குப் பருக்கக் காலம் வேண்டும். ஏக்கரில் விழும் வெயில் மாறாததால், கலைத்த உடனே சில காலம் இடைவெளியில் விழும் வெயில் வீணாகவும் கூடும். மூன்று, நான்கு ஆண்டுகளில் மொத்தமாக வெட்டி, எடைக்கு எடை காகித ஆலைக்குக் கொடுப்பவருக்கு மெலிந்ததும் பருத்ததும் ஏறத்தாழ ஒரே விலைதான். அவர் தொடக்கத்திலேயே சற்று அகல நட்டுவிடலாம். இடையில் கலைப்பதால் பெரிய ஆதாயம் இல்லை. கழியாகவும் முட்டாகவும் விற்பவர் நிலை வேறு. அங்கே பருமனுக்குத் தனி விலை உண்டு. ஆக, கலைப்பது மொத்தக் கட்டையை மிகுதியாக்கும் மந்திரமன்று. சிதறிக் கிடக்கும் வளர்ச்சியைச் சில நல்ல மரங்களில் சேர்க்கும் வழி அது. யாருக்கு விற்கப் போகிறோம் என்பதை நடும்போதே தீர்மானிக்க வேண்டும்.

காற்று வைக்கும் தேர்வு

நம் கடற்கரையில் இன்னொரு கணக்கையும் போட்டாக வேண்டும். அது புயலின் கணக்கு. 2011 டிசம்பர் 30இல் ‘தானே’ புயல் புதுச்சேரிக்கும் கடலூருக்கும் இடையே கரை கடந்தது. மணிக்குச் சுமார் 140 கிலோமீட்டர் வேகத்தில் காற்று வீசியது. முந்திரி, பலாத் தோட்டங்களோடு சவுக்குத் தோப்புகளும் சாய்ந்தன. 2016 டிசம்பர் 12இல் ‘வர்தா’ சென்னைக்கு அருகே கரை கடந்தது. 2022 டிசம்பர் 9ஆம் நாள் இரவு ‘மாண்டஸ்’ மாமல்லபுரத்தின் அருகிலேயே கரை ஏறியது. அதன் காற்று வேகம் 70 கிலோமீட்டரை ஒட்டியே இருந்தது.

காற்று தரும் விசை வேகத்தின் இருமடிக்கு நேர் விகிதத்தில் இருக்கும். வேகம் 70இலிருந்து 140 ஆனால் விசை இரு மடங்கன்று, நான்கு மடங்கு. மரத்தின் உச்சியைக் காற்று தள்ளும்போது மரம் ஒரு நெம்புகோலாகிறது. உயரம் கூடக் கூட அடியில் ஏற்படும் திருப்புதிறன் கூடுகிறது. அதைத் தாங்கும் வலிமை தண்டின் விட்டத்தைப் பொறுத்தது. உருண்டைக் கழி ஒன்று ஒடியாமல் தாங்கும் திருப்புதிறன் அதன் விட்டத்தின் மும்மடிக்கு நேர் விகிதம். வளையாமல் நிற்கும் விறைப்போ நான்மடிக்கு நேர் விகிதம். விட்டம் ஒன்றரை மடங்கானால் வலிமை சுமார் 3.4 மடங்கு, விறைப்பு சுமார் 5 மடங்கு.

எனவே உயரத்தை விட்டத்தால் வகுத்து வரும் எண்ணைக் கவனிக்க வேண்டும். சுற்றளவு 16 செ.மீ. என்றால் விட்டம் சுமார் 5.1 செ.மீ. உயரம் 8 மீட்டரானால் விகிதம் 157. அதே உயரத்தில் சுற்றளவு 30 செ.மீ. ஆனால் விகிதம் 84. ஐரோப்பிய ஊசியிலைக் காடுகளின் அனுபவத்தில், இந்த எண் 80ஐ ஒட்டியோ அதற்குக் கீழோ இருந்தால் மரம் உறுதியானது என்றும், 100ஐத் தாண்டினால் ஆபத்து மிகும் என்றும் கொள்கிறார்கள்.

நெருங்கிய தோப்பில் 157 என்ற விகிதமுள்ள மரம் எப்படி நிற்கிறது? ஒன்றின்மேல் ஒன்று சாய்ந்து, ஒன்றுக்கு ஒன்று காற்றை மறைத்து நிற்கிறது. கூட்டம் இருக்கும்வரை தைரியம். நெடுநாள் நெருங்கி வளர்ந்த தோப்பைத் திடீரென்று கலைத்தால் அந்தத் துணை போய்விடுகிறது. அதுவும் புரட்டாசியில் கலைத்தால், அடுத்த மாதமே வடகிழக்குப் பருவமழை தொடங்கும். மணல் நனைந்து வேரின் பிடி தளரும். பின்னாலேயே புயல் வரலாம். கலைத்தது சரியான செயலாக இருந்தும், கலைத்த மாதம் தவறானதால் தோப்பு விழுந்துவிடும்.

தையிலோ மாசியிலோ கலைப்பது அறிவுடைமை. அதன்பின் அடுத்த மழைக்காலம்வரை ஏழெட்டு மாதங்கள் கிடைக்கின்றன. அக்காலத்தில் மரம் சும்மா இருப்பதில்லை. கடற்காற்றில் நாள்தோறும் ஆடும் தண்டு, ஆட்டத்தை உணர்ந்து தடிக்கிறது. உயர வளர்ச்சியைக் குறைத்துக்கொள்கிறது. தொடுதலுக்கும் ஆட்டத்துக்கும் தாவரம் காட்டும் இந்த மறுவினையை 1973இல் ஜாஃபி என்னும் அறிஞர் விரிவாக ஆராய்ந்து அதற்குத் தனிப் பெயரும் கொடுத்தார். நம் எலும்பும் தசையும் உடற்பயிற்சியால் உறுதிப்படுவதை இதற்கு ஒப்பிடலாம். தோப்பின் ஓரத்து மரங்கள் உள்மரங்களைவிடப் பருத்திருப்பதற்கு வெயிலோடு இதுவும் ஒரு காரணம். அதனால்தான் கடலை நோக்கிய ஓர வரிசைகளைக் கலைக்காமல் விடுவது நல்லது. அவை உள்ளே நிற்பவற்றுக்குக் காற்றுத் தடுப்பு.

தோப்புக்குப் பின்னால் இருக்கும் ஊருக்கும் இதில் பங்கு உண்டு. 2004 டிசம்பர் 26இல் ஆழிப்பேரலை வந்தபோது, கடலூர் மாவட்டத்தில் சதுப்பு மரக்காட்டுக்கும் சவுக்குத் தோப்புக்கும் பின்னால் இருந்த ஊர்கள் குறைவாகவே சேதமுற்றன என்று 2005இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது.

விற்கும்போது விழிப்பு

இனி விற்பனைக்கு வருவோம். சிலர் நிற்கும் தோப்பை மொத்தமாகப் பேசி வியாபாரிக்கு விட்டுவிடுவார்கள். சிலர் எடைக்கு விற்பார்கள். மொத்தமாகப் பேசும்போது தோப்பில் எவ்வளவு இருக்கிறது என்பது விற்பவருக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

ஏக்கர் முழுவதும் அளக்க வேண்டியதில்லை. 10 மீட்டருக்கு 10 மீட்டர் கட்டம் ஒன்றைக் கயிறு கட்டிப் பிரியுங்கள். அது ஏக்கரில் நாற்பதில் ஒரு பங்கு. ஓரத்தைத் தவிர்த்து, தோப்பின் வெவ்வேறு பகுதிகளில் மூன்று கட்டங்கள் எடுத்து, ஒவ்வொரு மரத்தின் சுற்றளவையும் குறித்துக்கொள்ளுங்கள். மூன்றின் சராசரியை 40ஆல் பெருக்கினால் ஏக்கருக்கான மதிப்பு கிடைக்கும்.

இதில் ஒரு பொறி இருக்கிறது. ‘சராசரிச் சுற்றளவு இவ்வளவு, மரம் இத்தனை’ என்று பெருக்கிவிடுவது வழக்கம். இரண்டே மரங்களை எடுத்துக்கொள்வோம். ஒன்று 10 செ.மீ., மற்றது 30 செ.மீ. சராசரி 20. அதன் இருமடி 400. இரு மரத்துக்கு 800. உண்மையில் 100 + 900 = 1,000. சராசரியை முதலில் எடுத்து இருமடியாக்கினால் ஐந்தில் ஒரு பங்கு காணாமற் போகிறது! மரங்கள் ஒரே அளவாக இல்லாதபோதெல்லாம் இந்தப் பிழை விற்பவருக்கு எதிராகவே இருக்கும். ஆகவே ஒவ்வொரு மரத்தையும் தனித்தனியே இருமடியாக்கிப் பிறகு கூட்ட வேண்டும். சுற்றளவை அளப்பதில் 5 சதவீதம் பிழை வந்தால் கன அளவில் 10 சதவீதம் பிழை வரும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

எடைக்கு விற்பவர் நீரைக் கவனிக்க வேண்டும். வெட்டிய பச்சை மரத்தில் 100 கிலோவுக்கு 40 கிலோ நீர் இருப்பதாகக் கணக்குக்கு வைத்துக்கொள்வோம். மீதி 60 கிலோ மரப்பொருள். வெயிலில் காய்ந்து நீரின் பங்கு 15 சதவீதமாகக் குறைந்தால் மொத்த எடை 60 ÷ 0.85, அதாவது சுமார் 70.6 கிலோ. வெட்டிப் போட்ட 10 டன் காய்ந்தபின் 7 டன்னாக எடைமேடையில் நிற்கும். டன்னுக்கு 5,000 ரூபாய் என்று பேசியிருந்தால், 50,000 ரூபாய்க்குப் போக வேண்டிய மரம் சுமார் 35,000 ரூபாய்க்குப் போகும். திருட்டும் இல்லை, கள்ளத் தராசும் இல்லை, வெயில் எடுத்துக்கொண்டது. லாரி வருவது உறுதியான பிறகே வெட்டத் தொடங்குவதும், விலை பச்சை எடைக்கா காய்ந்த எடைக்கா, பட்டையுடனா உரித்தா என்பதை முன்னதாகவே பேசிக்கொள்வதும் அவசியம்.

விறகு வாங்குபவர் இதே கணக்கை மறுபக்கமாகப் போடுவார். காய்ந்த சவுக்கு ஒரு கிலோ எரிந்தால் சுமார் 4,900 கிலோ கலோரி வெப்பம் கிடைக்கும். பச்சை விறகு ஒரு கிலோவில் 600 கிராம்தான் மரம். அதன் வெப்பம் 2,940. மீதி 400 கிராம் நீரை 30 டிகிரியிலிருந்து கொதிக்க வைத்து ஆவியாக்க, கிராமுக்கு 70 + 540 = 610 கலோரி வேண்டும். அதாவது 244 கிலோ கலோரி போய்விடும். ஆக, பச்சை விறகால் வரும் பெரிய நட்டம் நீரை ஆவியாக்குவதில் இல்லை. மரத்தின் விலைக்கு நீரை வாங்குவதில்தான் இருக்கிறது.

நீங்களே செய்து பாருங்கள்

உங்கள் ஊரில் சவுக்குத் தோப்பு இருந்தால், உடையவரிடம் அனுமதி பெற்று, நண்பர்கள் நால்வராகச் செல்லுங்கள். நாடாவும் கயிறும் குறிப்பேடும் போதும். ஓரத்தில் ஒரு கட்டமும் நடுவில் ஒரு கட்டமும் அளந்து ஒப்பிடுங்கள். உயரத்துக்கு நிழல் முறையைக் கையாளலாம். 1 மீட்டர் குச்சியின் நிழல் 60 செ.மீ. விழும் நேரத்தில், ஓரத்து மரத்தின் நிழல் 5.4 மீட்டர் இருந்தால் மரத்தின் உயரம் 9 மீட்டர். புதிதாக வெட்டிய சவுக்குத் துண்டு ஒன்றை வாங்கிவந்து எடை போட்டு, நாள்தோறும் ஒரே நேரத்தில் எடையைக் குறித்து வரைபடம் வரையுங்கள். முதல் வாரத்தில் கோடு எவ்வளவு செங்குத்தாக இறங்குகிறது, பிறகு எப்படிப் படுக்கையாகிறது என்று பாருங்கள்.

அந்த வரைபடத்தையும் கட்டத்தின் கணக்கையும் தோப்புக்காரரிடம் கொண்டுபோய்க் காட்ட மறக்காதீர்கள். அடுத்த முறை வியாபாரி வந்து விலை பேசும்போது அவை அவருக்குப் பயன்படும்.